வழக்கேடு எங்கே இருக்கிறது?

மீள்குடியேறும் குடும்பங்களுடனான தகவல் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



முந்திய கூட்டங்களில் காணி உறுதி, வீட்டுத்திட்டம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் பற்றிக் கதைத்தோம். ஒவ்வொரு கூட்டமும் முடிந்த பிறகு இரண்டு மூன்று பேர் ஒதுங்கி நிற்பார்கள். மற்றவர்கள் போன பிறகு கிட்ட வந்து மெதுவாகக் கேட்பார்கள். "பிள்ளை, மகனின்ர வழக்கு கொழும்பிலதான் போட்டவை. அது முடிஞ்சுதோ, இன்னும் கிடக்கோ தெரியாது. எங்க போய்க் கேக்கிறது?" இன்றைக்கு அந்தக் கேள்வியை ஒளிவு மறைவில்லாமல் எடுத்துக் கதைப்போம். இங்கே இருக்கிற பல வீடுகளில் இப்படி ஒரு வழக்கு இருக்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நான் சட்டத்தரணி இல்லை. வழக்கை எப்படி நடத்துவது, வெல்லலாமா, தோற்கலாமா என்று நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். நீதிமன்றத்தில் கிடக்கிற கோவையை எப்படித் தேடிப் பிடிப்பது என்பது மட்டும்தான் என்னுடைய விடயம். அந்தக் கோவையைத்தான் வழக்கேடு என்கிறோம்.

ஊருக்குத் திரும்பி வந்து விட்டோமே, பழைய வழக்கைக் கிளறுவானேன் என்று சிலர் நினைக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வழக்கு நாங்கள் கிளறினால்தான் எழும்பும், இல்லாவிட்டால் படுத்திருக்கும் என்று இல்லை. தவணைக்குப் போகாத வழக்கில் பிடியாணை பிறப்பிக்கப்பட்டிருக்கலாம். அது பத்து வருடத்துக்குப் பிறகும் விமான நிலையத்திலோ, வீதிச் சோதனையிலோ, வேலைக்காகப் பொலிஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதோ முன்னுக்கு வந்து நிற்கும். வழக்கு முடிந்து விடுதலையான பிள்ளைக்கும் இதே தொல்லை வரலாம். விடுதலையானதைக் காட்டக் கையில் ஒரு துண்டுகூட இல்லாவிட்டால், வாயால் சொல்வதை ஆர் நம்புவது?

முதலில் ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "உள்ளுக்க இருந்தவர்" என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேறு வேறு நிலைமைகள். மூன்றுக்கும் கடதாசி வேறு வேறு இடத்தில் இருக்கும்.

ஒன்று, தடுப்புக் காவல். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு அமைச்சரின் உத்தரவில் ஆளை வைத்திருப்பது. ஒரு உத்தரவு மூன்று மாதத்துக்கு. யுத்த காலத்திலும் அதற்குப் பிறகான ஆண்டுகளிலும் இப்படி நீடித்து நீடித்து 18 மாதம் வரை வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுத்தது. பூசாவிலும் கொழும்பில் ரி.ஐ.டி. அலுவலகத்திலும் இருந்தவர்கள் பலர் இந்த வகை. இந்தக் காலப்பகுதிக்கு நீதிமன்றக் கோவை இல்லாமலே போகலாம். தடுப்பில் இருந்து அப்படியே விடுவிக்கப்பட்டவருக்கு நீங்கள் கொழும்பு முழுவதும் அலைந்தாலும் வழக்கேடு கிடைக்காது. அவரின் கடதாசி பொலிஸ் பக்கத்திலும் அமைச்சின் பக்கத்திலும்தான் இருக்கும்.

இரண்டு, புனர்வாழ்வு. 2009இற்குப் பிறகு புனர்வாழ்வு நிலையங்களில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அது புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகம் கொடுத்தது. பத்திரமாக வைத்திருங்கள், அதற்குப் பெறுமதி இருக்கிறது. ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. புனர்வாழ்வுக்குப் போனவர் என்பதால் அவர் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர் என்று அர்த்தமில்லை. அதேபோல, அந்தச் சான்றிதழ் இருப்பதால் வேறு நீதிமன்றத்தில் அவர் பெயரில் வழக்கே இல்லை என்றும் அர்த்தமில்லை. இந்த இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை.

மூன்றாவதுதான் வழக்கு. இனி நான் கதைக்கப்போவது முழுக்க அதைப் பற்றித்தான்.

பாரிய குற்றம் என்று சொல்லப்படுகிற வழக்கு எதுவும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிவதில்லை. கொலை, கொள்ளை, வெடிபொருள், பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு எல்லாம் இதற்குள் அடங்கும். முதலில் பொலிசார் ஆளை நீதவான் முன் நிறுத்தி ஒரு அறிக்கை கொடுப்பார்கள். அதைப் பி அறிக்கை என்பார்கள். அதற்கு ஒரு இலக்கம் விழும். பி என்ற எழுத்து, ஒரு எண், அதன் பின்னால் வருடம். விளக்கமறியலில் வைத்து, பொதுவாகப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை தவணை போட்டுக்கொண்டு வருகிற காலம் முழுவதும் கோவை இந்த இலக்கத்தில்தான் இருக்கும். பிறகு விசாரணைக் கடதாசிகள் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும். அவர்கள் வழக்குத் தொடரலாம் என்று தீர்மானித்தால் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வார்கள். அங்கே புதிதாக வேறொரு இலக்கம் விழும். பழைய பி இலக்கத்தை வைத்துக்கொண்டு மேல் நீதிமன்றத்தில் நின்றால் "அப்படி ஒரு வழக்கு இல்லை" என்று சொல்லி அனுப்பி விடுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த இலக்கத்தில் அங்கே வழக்கு இல்லைதான்.

ஆகவே இரண்டு கேள்விகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீதவான் நீதிமன்ற இலக்கம் என்ன? அது மேல் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அங்கத்தைய இலக்கம் என்ன? முதலாவது தெரிந்தால் இரண்டாவதைக் கண்டுபிடிக்கலாம். வழக்கு மேலே போயிருந்தால் நீதவான் நீதிமன்றக் கோவையில் அதற்கான குறிப்பு இருக்க வேண்டும்.

இலக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். எங்கள் நாட்டில் ஒருவரின் பெயரைச் சொல்லி எல்லா நீதிமன்றங்களிலும் ஒரேயடியாகத் தேடுகிற வசதி பொதுமக்களுக்கு இல்லை. கோவைகள் இலக்கத்தின்படியும் வருடத்தின்படியும் அடுக்கப்பட்டிருக்கும். பெயரை மட்டும் கொண்டு போனால், எழுதுவினைஞர் ஒருவர் பதிவுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். நல்ல மனிதராக இருந்தால் புரட்டுவார். அப்போதும் மாதமாவது தெரிய வேண்டும்.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொழும்பில் கோவை சிங்களத்தில் இருக்கும். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, முதலெழுத்து ஒன்றா இரண்டா என்பதெல்லாம் கைது செய்த அன்று பொலிஸ்காரர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். வீட்டில் கூப்பிடுகிற பெயர், இயக்கப் பெயர் என்று சொல்லப்பட்டது எல்லாம் "என்றழைக்கப்படும்" என்று சேர்ந்திருக்கும். ஆகவே போகும்போது அடையாள அட்டை இலக்கம், முழுப்பெயர், பெயரை வேறு எப்படியெல்லாம் எழுதியிருக்கலாம், கைதான திகதி, கைது செய்த பொலிஸ் பிரிவு, முதலில் நிறுத்திய நீதிமன்றம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிங்களத்தில் எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு பெயரைச் சிங்களத்திலும் எழுதுவித்தால் வேலை பாதி முடிந்தது.

இலக்கம் கையில் இல்லையா? வீட்டில் இருக்கிற கடதாசியில்தான் முதலில் தேட வேண்டும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் போய்விட்டது என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் நான் பார்த்த குடும்பங்களில் ஏதாவது ஒரு துண்டு மிஞ்சியிருக்கும், சாமிப்படத்துக்குப் பின்னால், அரிசிப் பெட்டிக்கு அடியில். கைது செய்தபோது கொடுத்த பற்றுச்சீட்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்த இலக்கம், சிறையில் பார்க்கப் போன நாள் எழுதிய துண்டு, சிறையில் இருந்து பிள்ளை எழுதிய கடிதம் என்று எதுவாகவும் இருக்கலாம். சர்வதேச செஞ்சிலுவைக் குழு தடுப்பில் போய்ப் பார்த்தவர்களுக்கு, தாங்கள் பார்த்ததை உறுதிப்படுத்தும் கடிதம் கொடுக்கும். அதில் வழக்கு இலக்கம் இராது. ஆனால் எந்தக் காலத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்பது தெரிந்தால் தேடுகிற வருடம் சுருங்கும்.

அதுவும் இல்லாவிட்டால் சிறைச்சாலையைக் கேளுங்கள். இதைத்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்வேன். சிறைச்சாலை ஒருவரை விளக்கமறியலில் சும்மா ஏற்றுக்கொள்ளாது. நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். அந்தக் கட்டளையில் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு இலக்கமும் இருக்கும். ஆகவே வெலிக்கடையிலோ, மகசின் சிறையிலோ, அநுராதபுரத்திலோ, வவுனியாவிலோ அவர் இருந்திருந்தால் அங்கத்தைய பதிவில் அது இருக்க வேண்டும்.

வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் எழுத்தில் கேட்கச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரஜை எவரும் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தரலாமா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் பெரிய கதை எழுதாதீர்கள். "இன்ன அடையாள அட்டை இலக்கமுடைய இன்னார் எத்தனையாம் திகதி உங்கள் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார், எந்த நீதிமன்றக் கட்டளையில், வழக்கு இலக்கம் என்ன, எத்தனையாம் திகதி எங்கே அனுப்பப்பட்டார்" என்று கேட்டால் போதும். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் வாசலை விட்டு இறங்காதீர்கள்.

இனிக் கொழும்புக்குப் போவோம். புதுக்கடை என்று தமிழில் சொல்வது, சிங்களத்தில் அளுத்கடே, இங்கிலிசில் ஹல்ஸ்டோர்ப், மூன்றும் ஒரே இடம்தான். பஸ்ஸில் மூன்று பெயரும் கேட்கும், குழம்ப வேண்டாம். உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், மேல் நீதிமன்றங்கள், நீதவான் நீதிமன்றங்கள், சட்டமா அதிபர் திணைக்களம் எல்லாம் அந்த ஒரே சுற்றாடலில் இருக்கின்றன. அதனால் வசதி, அதனாலேயே குழப்பமும். மேல் நீதிமன்றம் என்றால் ஒன்று அல்ல, இலக்கமிட்ட பல மன்றுகள் இருக்கின்றன. கறுப்புக் கோட்டுப் போட்டவர் எல்லோரையும் மறித்து வழி கேட்க வேண்டாம். நேராக உரிய நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகம் எங்கே என்று வாசலில் நிற்கிற காவலரைக் கேளுங்கள். மன்று கூடுகிற நேரத்தில் எழுதுவினைஞர்கள் உள்ளே கோவைகளோடு நிற்பார்கள். அந்த நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். வவுனியாவில் இருந்து இரவு பஸ் எடுத்து விடியப் போய் இறங்குபவர்கள் அதே நாளில் திரும்பலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். ஒரு இரவு தங்க இடம் பார்த்து வையுங்கள்.

எல்லா வழக்கும் கொழும்பில்தான் என்று எண்ணவும் வேண்டாம். வவுனியா மேல் நீதிமன்றத்தில் இருந்த சில வழக்குகள் அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டன. அப்படி மாற்றியதை எதிர்த்துச் சிறையில் உண்ணாவிரதம் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆகவே வவுனியாவில் "இங்கே இல்லை" என்றால், "எங்கே மாற்றினீர்கள், எத்தனையாம் திகதி" என்ற அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டு வாருங்கள். வழக்கு மேன்முறையீட்டுக்குப் போயிருந்தால் தேடுவது கொஞ்சம் சுகம். மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளை இணையத்தில் போடுகின்றன. கைத்தொலைபேசி பாவிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் தேடித் தரும். பழைய தீர்ப்பு எல்லாம் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கோவையைக் கண்டுபிடித்தால் பிரதி எடுப்பது எப்படி? வழக்கின் எதிரியும், பாதிக்கப்பட்ட தரப்பும் சட்டத்தரணி ஊடாக நகர்த்தல் பத்திரம் போட்டு, கட்டணம் செலுத்தி, சான்றுப்படுத்திய பிரதி பெறலாம். வெறும் போட்டோக்கொப்பி எங்கும் செல்லாது. பதிவாளரின் கையொப்பம், திகதி, முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முழுக் கோவையும் எடுத்தால் செலவு கூட. பெரும்பாலும் தேவைப்படுவது குற்றப்பத்திரிகை, இறுதிக் கட்டளை அல்லது தீர்ப்பு, ஒவ்வொரு தவணையிலும் நடந்ததை எழுதிய குறிப்பு, இவ்வளவும்தான். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நிலையங்கள் உண்டு, தலைமை அலுவலகம் புதுக்கடையிலேயே இருக்கிறது. வருமானத்தை உறுதிப்படுத்தக் கிராம அலுவலரின் கடிதம் கொண்டு போங்கள்.

மொழியைப் பற்றி ஒன்று. சிங்களத்தில் இருக்கிற கோவையைத் தந்துவிட்டு "இதுதான், கொண்டு போங்கோ" என்றால், வழக்கின் தரப்பினர் அதோடு திருப்திப்பட வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, மன்றின் மொழி விளங்காத தரப்பினருக்குத் தமிழில் மொழிபெயர்ப்புப் பெற உரிமை இருக்கிறது. அவருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய வழக்கேட்டுப் பகுதிக்கும் அது பொருந்தும். நடைமுறையில் சுணங்கும். மொழிபெயர்ப்பாளர் போதாது என்பார்கள். என்றாலும் கேட்பதை எழுத்தில் கேளுங்கள்.

பிடியாணை விடயத்துக்கு வருகிறேன், இதில்தான் பயம் கூட. பிணையில் வெளியே வந்தவர் இடம்பெயர்ந்து, வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், தவணைகளுக்குப் போகாமல் விட்டிருப்பார். மன்று பிடியாணை பிறப்பித்திருக்கும். மேல் நீதிமன்ற வழக்கென்றால் இன்னும் ஒன்று நடந்திருக்கலாம். எதிரி தலைமறைவு, அல்லது நாட்டை விட்டுப் போய்விட்டார் என்று மன்று திருப்திப்பட்டால், அவர் இல்லாமலே வழக்கை விளங்கித் தீர்ப்பும் சொல்லலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 241ஆம் பிரிவு அது. ஆனால் அதே பிரிவில் ஒரு கதவும் இருக்கிறது. அவர் பிறகு வந்து, தான் வராமல் விட்டதற்கு நேர்மையான காரணம் இருந்தது என்று மன்றுக்குத் திருப்திப்படுத்தினால், வழக்கு முதலில் இருந்து புதிதாக விளங்கப்பட வேண்டும்.

இங்கேதான் நீங்கள் குப்பை என்று நினைத்து வைத்திருக்கிற கடதாசிகளுக்கு விலை வருகிறது. தமிழ்நாட்டு முகாம் அட்டை, மெனிக் பாம் பதிவு, நாடு திரும்பும்போது தந்த படிவம், நிவாரண அட்டை, முகாமில் பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தின் சான்றிதழ் எல்லாம், அந்தத் திகதியில் நீங்கள் ஏன் மன்றில் நிற்க முடியாமல் போனது என்பதைக் காட்டும். ஒன்றையும் எறியாதீர்கள். எரிந்தவற்றுக்கும் நனைந்தவற்றுக்கும் என்ன மிச்சமோ அதைப் பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள்.

பிடியாணை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், சம்பந்தப்பட்டவர் தானே பதிவாளர் அலுவலகத்துக்கு நேரே போய் விசாரிக்க வேண்டாம். சட்டத்தரணி ஒருவர் கோவையைப் பார்க்கட்டும். பிடியாணை இருந்தால் அவர் ஊடாக, நாள் பார்த்து, மன்றில் முன்னிலையாகி, பிடியாணையை மீளப்பெறக் கேட்கலாம். தானாக வந்து நிற்பவரையும், பிடித்துக் கொண்டுவரப்பட்டவரையும் மன்று ஒரே கண்ணால் பார்க்கும் என்று நான் நினைக்கவில்லை. இதற்காகத் தாய்மாரை மட்டும் அனுப்புகிற பழக்கமும் இருக்கிறது. விசாரிக்கப் போகலாம்தான், ஆனால் தனியே அனுப்ப வேண்டாம்.

பிணை நின்றவர்களுக்கும் ஒரு சொல். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரக்கப்பட்டுச் சரீரப் பிணை கையொப்பம் வைத்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்தப் பிள்ளை தவணைக்குப் போகாவிட்டால் பிணைப் பணத்துக்கு உங்களையும் மன்றுக்கு அழைக்கலாம். நீங்களும் இலக்கத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

மறுபக்கத்தில் நிற்கிற குடும்பங்களும் இங்கே உண்டு. மகனைக் கொன்றார்கள், மகளுக்குத் தீங்கு செய்தார்கள், வழக்கு என்ன ஆனது என்று தெரியாதவர்கள். நீங்கள் அந்த வழக்குக்கு வெளியாட்கள் இல்லை. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கிற சட்டத்தின்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது, தவணை எப்போது என்று அறியும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மரண விசாரணை நடந்திருந்தால் அந்தக் கோவை அந்தப் பகுதி நீதவான் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும், முதலில் அங்கே கேளுங்கள். ஆளே எங்கே என்று தெரியாதவர்களின் பிரச்சினை வேறு. அதற்கு 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இருக்கிறது. அதை இன்றைக்கு அரைகுறையாகச் சொல்ல நான் விரும்பவில்லை, அடுத்த கூட்டத்தில் முழுக்க அதற்காகவே இருப்போம்.

கடைசியாகத் தரகர்மார். "உங்கட பெடியன்ர ஃபைலை நான் பாத்தனான், ஒரு தொகை தந்தால் மூடிவிடலாம்" என்று யாராவது வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வழக்கு இலக்கம் என்ன? உண்மையில் கோவையைப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கும். இலக்கம் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள். அந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு நீங்களே போய்ப் பாருங்கள். நீதிமன்றத்தில் கட்டுகிற ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு உண்டு. பற்றுச்சீட்டு இல்லாத காசு நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

மண்டபத்தின் பின்பக்கத்து மேசையில் எங்கள் சகோதரி ஒருவர் இருக்கிறார். நான் முதலில் சொன்ன விபரங்களை எழுதுகிற தாள் அவரிடம் இருக்கிறது. எழுதச் சிரமமானவர்களுக்கு அவர் எழுதித் தருவார், பெயரைச் சிங்களத்திலும் எழுதுவார். உங்கள் மூலக் கடதாசிகளை அவரிடமோ என்னிடமோ தரவேண்டாம், காட்டினால் போதும். எழுதிய தாளும் உங்களிடமே இருக்கட்டும். தனியாகக் கதைக்க விரும்புகிறவர்கள் இரண்டு மணிக்குப் பிறகு வரலாம். கதவைச் சாத்திவிட்டுக் கதைப்போம்.